ஒருவர் போதுமா, முப்பது பேர் வேண்டுமா? சொந்தப் பாட்டுக்கு ஸ்ட்ரிங்ஸ் சேர்க்க நான்கு வழிகள்

பாட்டு ஏறக்குறைய முடிந்துவிட்டது. குரல் பதிவாகிவிட்டது, கிட்டாரும் தாளமும் சரியாக உட்கார்ந்துவிட்டன. இரண்டாவது இன்டர்லூடில் (சரணத்துக்கு முன் வரும் இடையிசையில்) மட்டும் ஏதோ குறைகிறது. அந்த இடத்தில் வயலின்கள் கூட்டமாக எழும்பி, பாட்டைச் சரணத்தில் கொண்டுபோய் விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. சொந்தக் காசில் பாட்டு போட்டு வெளியிடுகிறவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்பார்கள்.

சென்னையில் இருந்துகொண்டு யோசித்தால் இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. சாம்பிள் லைப்ரரியை, அதாவது முன்பே பதிவு செய்த வாத்திய ஒலிகளின் தொகுப்பை, வைத்துக் கீபோர்டிலேயே புரோகிராம் செய்துகொள்ளலாம். புடாபெஸ்ட், ஸ்கோப்யே போன்ற ஊர்களில் இருக்கும் இசைக்குழுவை அமர்த்தி, இங்கிருந்தபடியே பதிவு செய்யலாம். ஊரிலேயே ஒரு பெரிய ஸ்டூடியோ எடுத்துப் பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லலாம். அல்லது வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா, இன்னும் பெரிய செல்லோ என்ற மூன்றும் வாசிக்கத் தெரிந்த ஒரே கலைஞரை அழைத்து, அவரையே திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து அடுக்கடுக்காகச் சேர்க்கலாம்.

என் சாய்வு நான்காவது வழியின் பக்கம்தான். குரலை நடுவில் வைத்துச் செய்யும் பாட்டுக்கு, பலவும் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்வதில் கிடைக்கும் இசை, அதே பணத்தில் வேறு வழியில் கிடைப்பதில்லை. ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கேட்கிறவர் காதில் எத்தனை பேர் வாசிப்பதுபோல இருக்க வேண்டும்? நான்கு பேரா, பத்துப் பேரா, ஒரு பெரிய ஹாலில் நாற்பது பேரா? பட்ஜெட்டை முதலில் பார்த்தால் எல்லா வழியும் குறைபாடாகத் தெரியும். இந்தக் கேள்வியை முதலில் கேட்டால் பாதி வழிகள் தானாகவே விலகிவிடும்.

சாம்பிள் லைப்ரரி

சாம்பிள்களைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. லண்டனில் இருக்கும் ஸ்பிட்ஃபயர் ஆடியோ போன்ற நிறுவனங்கள் உண்மையான வாத்தியக் கலைஞர்களை நல்ல அறைகளில் வாசிக்கவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் பல அழுத்தங்களில் பதிவு செய்து விற்கின்றன. இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. குரலுக்கு அடியில் மெல்லப் படர்ந்து நிற்கும் நீண்ட கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்), மெட்டு உருவாகும் கட்டத்தில் போட்டுப் பார்க்கும் மாதிரி, தூரத்தில் கேட்கும் ட்ரெமோலோ (வில்லை வேகமாக ஆட்டி வாசிப்பது) இவற்றுக்கெல்லாம் அது தாராளமாகப் போதும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில். லைப்ரரியில் சுரங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவும் சத்தத்தையும் சில லைப்ரரிகள் பதிவு செய்து தருகின்றன. ஆனால் அது மேற்கத்திய அரைச்சுர இடைவெளிகளை வைத்துச் செய்தது. நம் மெட்டில் வரும் சுரம் ஒரு புள்ளியாக நிற்பதில்லை. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அசைவுதான் காந்தாரம். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலை உருட்டி அதைக் கொண்டுவரப் பார்த்தால் பிளாஸ்டிக் போல ஒலிக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. நிஜ வயலினில் விரல் நகரும்போது தந்தியின் சுருதி மட்டும்தான் மாறுகிறது, மரப்பெட்டியின் அதிர்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் நழுவும் வழியெல்லாம் ஒலியின் நிறம் மாறிக்கொண்டே வரும். பிட்ச் வீலோ பெட்டியையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறது. காது அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது, ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

இன்னொன்று, சாம்பிள் செலவில்லாதது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிமிட இன்டர்லூடை உயிரோடு ஒலிக்கச் செய்ய, ஒவ்வொரு வரிக்கும் ஏற்ற இறக்கம் வரைந்து, தாமதமாகத் தொடங்கும் சுரங்களைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, வில் மாறும் இடங்களைப் பிரித்து வைக்க ஒரு முழு நாள் ஓடிவிடும். அந்த நாளுக்கும் ஒரு விலை உண்டு.

ஐரோப்பா, கோடம்பாக்கம்

தமிழ் இசையுலகுக்கு ஐரோப்பிய இசைக்குழுக்கள் புதிதல்ல. இளையராஜாவின் சிம்பொனித் திருவாசகத்துக்கு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. 2005-இல் அது வெளியானது. அதற்குப் பிறகு புடாபெஸ்ட்டிலும் வடக்கு மாசிடோனியாவின் ஸ்கோப்யேவிலும் பதிவு செய்வது நம் திரைப்படங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. இப்போது விமானம் ஏறவும் தேவையில்லை. சென்னையில் உட்கார்ந்து ஆன்லைனில் கேட்டபடியே திருத்தம் சொல்லலாம். புடாபெஸ்ட் நமக்குக் குளிர்காலத்தில் 4.30 மணி நேரமும் கோடையில் 3.30 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அவர்களுடைய காலை 10 மணிப் பதிவு நமக்கு மதியம்.

அந்தக் கலைஞர்கள் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடுவார்கள். நாற்பது வில்கள் ஒன்றாக மூச்சு எடுத்து இறங்கும் அந்தச் சத்தத்துக்கு எந்த மாற்றும் கிடையாது. பாட்டு அதைத்தான் கேட்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பல இசையமைப்பாளர்கள் ஒரே பதிவு நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடும் சில இடங்களில் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் நேரத்துக்குத்தான் அங்கே காசு. தாளில் ஒரு பிழை இருந்தால் அத்தனை பேரும் காத்திருப்பார்கள். வியோலாவுக்கு உரிய ஆல்ட்டோ கிளெஃபில் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி) எழுதாமல் வயலின் கிளெஃபில் எழுதி அனுப்பினால் அதுவே சில நிமிடங்களைத் தின்றுவிடும். எனவே இசைக்குழுவுக்குத் தரும் பணத்தோடு, ஸ்கோர் (முழு இசைக்குறிப்பு) எழுதுகிறவர், அதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து அச்சிடுகிறவர், குழுவை நடத்தும் கண்டக்டர் எல்லோரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 'இந்த இடத்தில் கொஞ்சம் ராகமா வளைச்சு வாசிங்க' என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை. ஸ்கோரில் இருப்பது வரும். இல்லாதது வராது.

அதே பேச்சை சென்னையில் சொன்னால் புரிந்துகொண்டு வாசிக்கும் வயலின் கலைஞர்கள் இருக்கிறார்கள். இது நம் ஊரின் பெரிய சொத்து. 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தில் வி. எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவரே பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை வைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற அமைப்பில் வாசித்துக் காட்டினார். வாசிக்கும் வாத்தியங்கள் நான்கே நான்கு. ஆனாலும் எங்கும் வெறுமை தெரியாது.

ஊரில் ஒரு குழுவை உட்காரவைக்கப் பெரிய அறை வேண்டும், எல்லோருடைய கால்ஷீட்டும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும், சம்பளமும் சாப்பாடும் போக்குவரத்தும் தலைக்கு இத்தனை என்று ஏறும். முடியுமென்றால் செய்யுங்கள், எட்டுப் பேரே போதும். பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி'க்கு 1966-இல் வாசித்தவர்கள் நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, மொத்தம் எட்டுப் பேர். மைக்கை வாத்தியத்துக்கு மிக அருகில் வைத்துப் பதிவு செய்ததால் வில் தந்தியைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. பெரிய கூட்டம் வேண்டும் என்ற ஆசையை அந்தப் பாட்டு பலருக்குக் குறைத்திருக்கும்.

எல்லாம் வாசிக்கிற ஒருவர்

ஒரே ஆள் அடுக்கடுக்காக வாசிப்பதை ஏழைகளின் ஆர்கெஸ்ட்ரா என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தவறு. இத்தாலிய வயலின் கலைஞர் டேவிடே ரோஸ்ஸி, கோல்ட்ஃப்ராப், கோல்ட்ப்ளே போன்ற குழுக்களுக்குத் தானே பல அடுக்கு வாசித்து ஸ்ட்ரிங்ஸ் செய்திருக்கிறார். அவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை. அந்தச் சத்தம் பிடித்துத்தான் செய்தார்கள். நம் எல். சங்கர் 1980-வாக்கில் இரட்டைக் கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட ஒரு வயலினைச் செய்வித்து, வயலினிலிருந்து டபுள் பாஸ் வரைக்குமான எல்லையை ஒரே வாத்தியத்தில் கொண்டுவந்தார். ஒருவரே முழுக் குடும்பத்தையும் வாசிப்பது என்ற ஆசைக்கு நம் பக்கத்தில் அதைவிடப் பெரிய உதாரணம் தெரியவில்லை.

பலவும் வாசிப்பவர் என்பதில் இரண்டு வகை இருக்கிறது. அழைப்பதற்கு முன்னால் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, பல வாத்தியம் வாசிப்பவர். வயலினின் கீழ்த் தந்தி 196 ஹெர்ட்ஸ், வியோலாவின் கீழ்த் தந்தி சுமார் 131, செல்லோவுடையது சுமார் 65. வயலினிலிருந்து வியோலாவுக்கு மாறுவது எளிது, கை அதே நிலையில்தான் இருக்கிறது. செல்லோ அப்படியல்ல. வயலினில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 33 செ.மீ., செல்லோவில் சுமார் 69. விரல்களுக்கு இடையிலான தூரம் இரண்டு மடங்காகிறது. மூன்றையும் நன்றாக வாசிக்கிறவர்கள் குறைவு. 'செல்லோவும் வாசிப்பேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் பதிவு செய்த செல்லோவைத் தனியாகக் கேளுங்கள், முடிந்தால் எஃபெக்ட் எதுவும் போடாமல். நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்து நிறுத்தும்போது சுருதி நிற்கிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

ஐந்து தந்தி வயலினும் நல்ல துணைதான். வியோலாவின் கீழ் சுரங்கள் அதில் கிடைக்கும். ஆனால் பெட்டி சின்னது, அந்த ஆழமும் கருமையும் வராது. ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் ஆக்டேவ் தந்தி மாட்டிய வயலினைச் செல்லோவாக ஏற்றுக்கொள்ள என் காது மறுக்கிறது. மூன்றாவது அடுக்காக உள்ளே மறைத்து வைக்கலாம், முன்னால் நிறுத்தக் கூடாது. வாசிப்பவரிடம் செல்லோ இல்லையென்றால் செல்லோவுக்கு மட்டும் இன்னொருவரை அழைத்துவிடுங்கள். இரண்டு பேர் என்பது இந்த வழியைக் கெடுப்பதில்லை, மேலும் அழகாக்குகிறது.

இரண்டாவது வகை, பல பாணி வாசிப்பவர். சென்னையில் இந்த வகைக்குக் குறைவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதரும் வடிவேலுவும் இந்த வாத்தியத்தை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, ஒரே வயலின் இங்கே இரண்டு மொழி பேசுகிறது. காலையில் மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, மாலையில் தரையில் அமர்ந்து கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். உலகத்தில் வேறு எத்தனை ஊரில் இது கிடைக்கும்?

இதில் ஒரு நடைமுறை விஷயம். கர்நாடக முறையில் தந்திகளை ச, ப, ச, ப என்று பாடகரின் சுருதிக்கு ஏற்பக் கட்டுவார்கள். மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ. ஒரே பாட்டில் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வயலின் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றையே இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் தந்தி நிலைகொள்ள நேரம் பிடிக்கும், அதற்குள் வாசிப்பவரின் மனநிலை கலைந்துவிடும். பாட்டு எந்தக் கட்டையில் (ஆதார சுருதியில்) இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 5 கட்டையில் ஒரு பெண் குரலுக்குப் போட்ட பாட்டும் 1 கட்டையில் ஆண் குரலுக்குப் போட்ட பாட்டும் வயலினில் முற்றிலும் வேறு வேறு விரல் வேலைகள்.

சரி, அடுக்குவதற்கு வருவோம். இந்த வழி தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரே ஆள், ஒரே வயலின், ஒரே மைக், ஒரே நாற்காலி என்று எட்டு முறை வாசித்தால் எட்டுப் பேர் கிடைப்பதில்லை. ஒரு பெரிய வயலின் கிடைக்கிறது, அதுவும் கொஞ்சம் மூக்கால் பேசும் வயலின். ஒவ்வொரு வயலினுக்கும் சில சுருதிகளில் பெட்டி கூடுதலாக முழங்கும். எட்டு அடுக்கிலும் அதே இடங்கள் முழங்கும்போது அவை தூக்கலாகத் தெரியும். அறையின் குணமும் அப்படியே எட்டு முறை பதிவாகிறது. ஒரே கையின் விப்ராட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவிடுவது), ஒரே ஆளின் வில் வேகம் என்பதால் பிசிறே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. குழு வாசிப்பின் அழகு அந்தச் சின்னப் பிசிறில்தான் இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் எதையாவது மாற்ற வேண்டும். வயலினை மாற்றுங்கள், இரண்டு மூன்று கொண்டுவரச் சொன்னால் நல்ல கலைஞர்கள் சந்தோஷமாகக் கொண்டுவருவார்கள். வில்லை மாற்றலாம். நாற்காலியை அறையின் வேறு மூலைக்கு நகர்த்தலாம், மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போகச் சொல்லலாம். அதே வரியை ஒருமுறை ஏ தந்தியிலும் இன்னொருமுறை டி தந்தியின் மேல் நிலையிலும் வாசிக்கச் சொன்னால் இரண்டு வேறு மனிதர்கள் போலவே இருக்கும். ஒரு அடுக்கை விப்ராட்டோ இல்லாமல் வாங்குங்கள். இரண்டாம் வயலின் வரியை ஒருமுறை வியோலாவில் வாங்குங்கள். தனியாகக் கேட்டால் தெரியாது, மொத்தத்தில் ஒரு சூடு வரும். இதையெல்லாம் பதிவு செய்யும்போதே செய்ய வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் சுருதியைக் கொஞ்சம் அசைத்து, நேரத்தை நகர்த்திச் செய்யும் வித்தைகள் இதற்கு ஈடாகாது.

ஒரே வரியை இரண்டு முறை மட்டும் வாங்குவதை நான் தவிர்ப்பேன். இரண்டு அடுக்கில் ஒன்றோடொன்று உரசி அலையும் சத்தம் வெளிப்படையாகத் தெரியும். ஒன்று, தனியாக நிற்கட்டும். இல்லையென்றால் மூன்றுக்குப் போங்கள், மூன்றிலிருந்து அது குழுவாகத் தொடங்குகிறது. முதல் வயலின் நான்கு, இரண்டாம் வயலின் மூன்று, வியோலா மூன்று, செல்லோ இரண்டு என்றால் பன்னிரண்டு அடுக்கு. ஒன்றரை நிமிட இன்டர்லூடுக்கு, ரீடேக், சுருதி சேர்ப்பது, இடம் மாற்றுவது எல்லாம் சேர்த்து அடுக்குக்குக் கால்மணி நேரம் வைத்தாலும் மூன்று மணி நேரம். மைக் வைத்துப் பார்ப்பது, வரிகளைப் பேசித் திருத்துவது, சாப்பாடு, ஓய்வு சேர்ந்தால் ஒரு பாட்டுக்கு ஒரு நாள். இரண்டு பாட்டை ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தோள் களைத்தபின் வாசிக்கும் மேல் சுரங்களில் சுருதி மேலே கீழே போகும்.

வரிசையும் முக்கியம். பலர் செல்லோவில் தொடங்குவார்கள், அடிச் சுருதி உறுதியாக இருந்தால் மேலே வருபவை தானாகச் சரியாகும் என்று. அது மேற்கத்திய ஹார்மனி நிறைந்த பாட்டுக்குச் சரி. நம் மெட்டுகளுக்கு நான் முதலில் ஒரு வயலினில் முக்கிய வரியை வாங்கிவிடுவேன், கிளிக் (ஹெட்போனில் தாளம் தட்டும் ஒலி) இல்லாமல், குரலை மட்டும் கேட்டபடி. எங்கே இழுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பது அதில் பதிவாகிவிடும். பிறகு செல்லோ முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கைக்கு ஓய்வு கொடுத்து, வியோலா, வயலின் என்று மேலே போகலாம். எல்லா அடுக்கும் முதல் வயலினைப் பின்தொடரும், கிளிக்கை அல்ல. குழுவில் முதல் நாற்காலியைப் பார்த்து மற்றவர்கள் வாசிப்பதுபோல. ஹெட்போனில் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு காதையும் மூடிக்கொண்டு வயலின் வாசித்தால் தன் சுருதி தனக்குத் தெரியாது.

மைக் பற்றிச் சுருக்கமாக. அடுக்கும்போது வில்லின் கரகரப்பும் அடுக்கில் கூடும். ரிப்பன் மைக் அதை மென்மையாக்கும். இல்லையென்றால் கண்டென்சரை வாத்தியத்துக்கு மேலே ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். கச்சேரிக்கு மாட்டும் கிளிப் மைக்கும் பிக்கப்பும் இந்த வேலைக்கு ஆகாது. ஏசியையும் விசிறியையும் நிறுத்திவிட வேண்டும். ஒரு டிராக்கில் கேட்காத இரைச்சல், பதினாறு டிராக் சேரும்போது சுமார் 12 டெசிபல் ஏறி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏப்ரல், மே மாதத்தில் இது கொடுமைதான். காலை நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள்.

இவ்வளவு சொன்னதற்கும் மேலாக, இந்த வழியை நான் விரும்புவதற்கு வேறு காரணம் இருக்கிறது. எதிரில் ஒரு இசைக்கலைஞர் இருக்கிறார். 'அண்ணா, அந்த நிஷாதத்தில் இன்னும் கொஞ்சம் நின்னுட்டு வாங்களேன்' என்றால் நிற்பார். 'இங்கே எதுக்கு இவ்வளவு சுரம், ரெண்டு போதுமே' என்று அவர் சொல்வார், கேட்டுப் பார்த்தால் அது சரியாக இருக்கும். குரலில் வந்த ஒரு சங்கதியை இன்டர்லூடில் எடுத்து வியோலாவில் பதில் சொல்வது போன்றவை தாளில் எழுதி வைத்து வருபவை அல்ல. நாற்பது பேரிடம் அந்த உரையாடல் நடக்காது, லைப்ரரியிடம் நடக்கவே நடக்காது. அதற்காகவே, முதல் முறை சேர்ந்து வேலை செய்யும்போது நேரில் உட்காருங்கள் என்கிறேன். வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பும் நல்ல கலைஞர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது பாட்டுக்கு அப்படிப் போகலாம். அப்போதும் இரண்டு விஷயங்களை முன்கூட்டிப் பேச வேண்டும்: அவருடைய அறையில் பதிவான, ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எதுவும் சேர்க்காத ஒரு மாதிரி, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்ற ஒப்பந்தம். நீங்கள் அனுப்ப வேண்டியது ஸ்ட்ரிங்ஸ் இல்லாத டிராக், குரல் தனியாக, மெட்டின் மிடி கோப்பு (சுரங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி குறித்தது), டெம்போ (பாட்டின் வேகம்). எல்லாமே பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து தொடங்கட்டும். அவர் திருப்பி அனுப்புபவையும் அப்படியே, 24 பிட் வேவ் கோப்புகளாக, ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக.

எந்தப் பாட்டுக்கு எது

டெம்போ ஏறி இறங்கும் பாட்டு, திடீரென்று முழுச் சக்தியோடு வெடிக்கும் இடம், பெரிய ஹாலின் காற்று வேண்டும் என்ற நிலை: இதற்கெல்லாம் ஒருவரை அடுக்கிப் பயனில்லை. இருபது அடுக்கு போட்டாலும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும் அந்த ஓட்டம் வராது. வெளிநாட்டுக் குழுவோ ஊரில் ஒரு குழுவோ எடுங்கள். பணம் இல்லையென்றால் அந்த மெட்டை மாற்றி எழுதுங்கள், சின்னதாக. போலிப் பிரம்மாண்டத்தைவிட உண்மையான நால்வர் நன்றாக இருப்பார்கள்.

குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் இருக்கும் பாட்டு, நாட்டுப்புற வாசனை, ராகம் தெளிவாகத் தெரியும் மெட்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒருவர்தான். ஆறு அடுக்கிலேயே நிறைந்துவிடும். பாட்டு முழுக்க அடியில் படர்ந்திருந்தால் போதும், யாரும் தனியாகக் கவனிக்கப் போவதில்லை என்றால் சாம்பிள் போதும். மீதிப் பணத்தை மிக்ஸிங்குக்கு வையுங்கள்.

இரண்டையும் கலப்பதுதான் இப்போது பரவலாக நடக்கிறது. கீழே சாம்பிள், மேலே ஒரு நிஜ வயலின். நல்ல வழிதான், ஆனால் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். சாம்பிளை முழுதாகப் புரோகிராம் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் கலைஞரை அழைத்து, 'இதுக்கு மேல அப்படியே வாசிச்சிடுங்க' என்கிறார்கள். அவர் அந்த இயந்திரத்தின் நேரத்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு வாசிக்கிறார். முதலில் அவரை வாசிக்கவையுங்கள், வெறும் கார்டு போட்டு வைத்தாலே போதும். அவர் வாசித்ததைக் கேட்டு, அவர் மூச்சு விடும் இடத்தில் சாம்பிளும் மூச்சு விடும்படி பிறகு புரோகிராம் செய்யுங்கள். நீண்ட சுரங்களுக்குச் சாம்பிளை விட்டுவிட்டு, அசைவு உள்ள வரிகள் எல்லாவற்றையும் கலைஞருக்குக் கொடுங்கள். சாம்பிளின் அளவை எவ்வளவு குறைத்தாலும் பாட்டு தாங்குகிறது என்பது அப்போது தெரியவரும்.

பணம் பேசும்போது எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சிலர் பாட்டுக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் மணிக்கணக்கு, சிலர் அடுக்குக்கு இவ்வளவு. இதில் பலரும் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த வரிகளை அவர் வாசிப்பது வேறு, வரிகளையே அவர் உருவாக்கித் தருவது வேறு. இரண்டாவதில் அவர் இசைக்கோர்ப்பாளரும்கூட. அதற்குத் தனிச் சம்பளமும் தனிப் பெயரும் உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், வாசிக்கும் கலைஞர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை உண்டு என்கிறது. சின்னப் பாட்டுதானே என்று விட்டுவிடாமல் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டைத் தளங்களுக்கு ஏற்றும்போது கலைஞர் பெயர் நிரப்பும் பகுதி வரும். வயலின், வியோலா, செல்லோ, ஸ்ட்ரிங்ஸ் அரேஞ்ச்மெண்ட் என்று நான்கு இடத்திலும் அவர் பெயர் வர வேண்டுமா, எந்த எழுத்துக்கூட்டில் வர வேண்டும் என்பதைப் பதிவு நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டால், வெளியீட்டு வாரத்தில் அவசர அவசரமாகத் தேட வேண்டியிருக்காது.